ஏப்ரல் மாதத்து மீன் கணக்கு

ஐந்து மணிக்கு எண்ணெய் காய்வதற்குள் அசோகன் வந்துவிட்டால், அன்று வியாபாரம் எப்படிப் போனாலும் ஷாலுவுக்குக் கவலையில்லை. காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒயின்ஷாப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, அவளும் அம்மா கெங்கம்மாவும் வறுத்த மீன் வண்டி போட்டிருந்தார்கள். டிசம்பரிலிருந்து அந்த வண்டிக்குத் தவறாமல் வருகிறவன் அவன். வியாசர்பாடிக்காரன். ஒரு பெரிய பீர் கம்பெனியில், வடசென்னையில் எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டியே ஊகித்துச் சொல்வது அவன் வேலை. அவன் குடித்து அவள் பார்த்ததில்லை. இரண்டு சங்கரா வாங்கிக்கொண்டு எட்டு மணிவரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். நடுவில் ஒரு சின்ன நோட்டில் என்னவோ எழுதிக்கொள்வான்.

இன்று வந்தவன் உட்காரவில்லை.

“என்னிய கட்டாக்குக்கு மாத்திடுவாங்க போல கீது,” என்றான்.

“அது எங்க கீது?” என்றாள் கெங்கம்மா.

“ஒடிசால. நாளைக்குப் பத்து மணிக்கு மேனேஜர் பென்னி சார் கூப்ட்டுக்கிறாரு.”

மசாலா பூசிய கையை ஷாலு துடைத்துக்கொள்ள மறந்துபோனாள். “எதுக்காம்?”

“மே மாசத்துக்கு நான் சொன்ன கணக்கு தப்பாப் போச்சு. டிப்போவுல நெறைய பீர் பெட்டிங்க தேங்கிக்கினு நிக்குது.”

பீர் வியாபாரத்தின் தொல்லைகளை அவன் சொல்லி அவள் நிறையக் கேட்டிருக்கிறாள். பார்லி விலை ஏறும். காலி பாட்டில் திரும்பி வராது. திடீரென்று வரி உயரும். தேர்தல் வந்தால் கடையே திறக்காது. அரசாங்கம் எவ்வளவு கேட்கும் என்று இத்தனைக்கும் நடுவில் முன்பே ஊகித்துக் காய்ச்சி வைக்க வேண்டும். குறைத்துக் காய்ச்சினால் இன்னொரு கம்பெனி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கூட்டிக் காய்ச்சினால் ஆறு மாதத்தில் தேதி முடிந்து எல்லாம் சாக்கடைக்கு.

“மே மாசம் மய கொட்டுச்சே நைனா. மய பேஞ்சா எவன் பீரு குடிப்பான்? அத்த சொல்லேன் உங்க மேனேஜர்கிட்ட,” என்றாள் கெங்கம்மா.

“மழை எல்லா டிப்போவுக்கும்தாம்மா பேஞ்சுது. மத்தவங்களுக்கு இவ்ளோ மிஞ்சல. எனக்கு ஏப்ரல்லயே வியாபாரம் ஏறிக்கினு போற மாதிரி தெரிஞ்சுது. ஏன் அப்படித் தெரிஞ்சுதுன்னுதான் புரியல. தப்பாச் சொன்னவன விட்டுடுவாங்க. ஏன் தப்பாச்சுன்னு சொல்லத் தெரியாதவன வெச்சுக்க மாட்டாங்க.”

நோட்டைப் பிரித்து வண்டிமேல் வைத்தான். ஷாலு எட்டிப் பார்த்தாள். பக்கம் பக்கமாகத் தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘சங்கரா 40, நெத்திலி 3 கிலோ’ என்று அவர்கள் வண்டியின் சரக்கு.

“இது நம்ப வண்டி மீனு இல்ல?”

“ஆமா. உங்கம்மா காலைல காசிமேட்டுல எவ்ளோ மீன் வாங்குறாங்களோ, அன்னிக்கு சாயங்காலம் பீரும் அந்த அளவுக்குத்தான் போவுது. வெயிலு, சம்பள நாளு, மாலை போடுற சீசன், எல்லாத்தையும் அவங்க மனசுலயே போட்டுப் பாத்துடுறாங்க. ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டரவிட கரெக்டா இருந்துச்சு. மார்ச் வரைக்கும் ஒரு நாள்கூடத் தப்பல.”

கெங்கம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஷாலு நோட்டிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“அப்போ நீங்க வந்தது மீன் எண்ணத்தானா?”

அவன் பதில் சொல்வதற்குள் இரண்டு பேர் வந்து நெத்திலி கேட்டார்கள். பொட்டலம் மடித்துக் கொடுக்கும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. ஏப்ரல். அம்மாவுக்கு முட்டிவலி வந்து, காசிமேட்டுக்கு அவளே போக ஆரம்பித்த மாதம்.

முதல் நாள் அம்மா சொன்ன அளவுதான் வாங்கினாள். ஏழு மணிக்கே மீன் தீர்ந்துபோய், கடை கட்டியதும் அவன் எழுந்து போய்விட்டான். மறுநாள் பத்து மீன் கூட வாங்கினாள். அதன்பின் இருபது. மீந்ததை அம்மாவுக்குத் தெரியாமல் கீழே டப்பாவில் மறைத்துவைத்து, போகும்போது பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவாள்.

இதைச் சொன்னால் மற்றதையும் சொன்ன மாதிரிதான். மீன் எண்ண வந்த மனிதனிடம் போய் அதைச் சொல்வதா? சொல்லாவிட்டால் அவன் கட்டாக்குக்குப் போவான். வாணலியில் எண்ணெய் புகைந்தது. அடுப்பைக் குறைத்தாள்.

“அந்த ஏப்ரல் கணக்கு ராங்கு,” என்றாள் அவனைப் பார்க்காமல். “அம்மா வாங்கல. நான்தான் வாங்குனேன். கூட்டம் பாத்து வாங்கல.”

“பின்ன?”

“மீனு தீந்துட்டா நீங்க கெளம்பிடுறீங்க இல்ல. அதான்.”

கெங்கம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அடிப்பாவி. பக்கத்து வூட்டு ரமாபாய் தெனம் மீன் கொயம்பு வெக்கும்போதே நெனச்சேன், இவளுக்கு எங்கேந்து வருதுன்னு. எல்லாம் என் மீனுதானா?”

“எல்லாம் வித்துப்போச்சுன்னு நெனச்சிட்டேன்,” என்றான் அசோகன் மெதுவாக. “டிப்போவுக்கு எத்தினி பெட்டி ஏத்திவுட்டேன்.” பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். “மீன் எண்ணத்தான் வந்தேன். மொத மாசம். அத்த எண்ண ரெண்டு நிமிசம் போதும், ஷாலு. எட்டு மணி வரைக்கும் எதுக்கு உக்காந்துகினு இருந்தேன்?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

அங்கேயிருந்தே பென்னிக்குப் போன் செய்தான். “காரணம் கெடச்சிடுச்சு சார். நான் பாத்துகினு இருந்த கடைல ஏப்ரல்லேந்து கொள்முதல் பண்ற ஆள் மாறிட்டாங்க. அத்த கழிச்சா மத்த டிப்போ கணக்கோட ஒத்துப்போவுது... ஏன் கூட வாங்குனாங்களா? அது... சொந்த விஷயம் சார்.”

போனுக்குள் பென்னி சிரித்தது வண்டிவரை கேட்டது. நாளைக்கு அதையே எழுதிக் கொண்டுவரச் சொன்னார். கட்டாக் இப்போதைக்கு வேண்டாம், ஒரு சீசன் இங்கேயே பார்க்கலாம், ஆனால் இனிமேல் ஒரே கடையை நம்பாமல் பத்துக் கடையைப் பார்க்க வேண்டும் என்றாராம்.

“அந்தப் பத்துல இந்த வண்டி வராது,” என்றான் அசோகன்.

“எல்லாம் சரி,” என்றாள் கெங்கம்மா. “ஞாயித்துக்கெயம உங்கம்மாவக் கூட்டினு வூட்டுக்கு வா. ரோட்டுல வெச்சு இது பேசுற விஷயமில்ல.”

அவன் முகம் மறுபடி சுண்டியது. ஷாலு பயந்துபோனாள்.

“இன்னா இப்போ?”

“அம்மாகிட்ட நான் ஜூஸ் கம்பெனில வேலைன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். மூணு வருசமா. பீருன்னு தெரிஞ்சா வூட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க.”

கெங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஷாலு ஒரு சங்கராவை எண்ணெயில் போட்டாள்.

“இத்த துன்னுட்டுப் போயி மொதல்ல அத்த சொல்லு,” என்றாள். ஆறு மாதத்தில் முதல்முறையாக அவனை ‘நீ’ என்கிறாள். “நான் சொல்லிட்டேன் இல்ல? இப்போ உன் டர்ன்.”