இரண்டு நிமிடத்துக்காகப் பிடுங்கிய பிளக்

டீசல் இன்ஜினைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நெஸ்டர் சொல்லிக்கொள்வார், யாரும் கேட்காமலேயே. அவருடைய ஐம்பது வருஷத்து டிராக்டருக்கு மட்டும் இந்தச் செய்தி எட்டவில்லை. கனடாவின் சஸ்காச்சுவனில் குளிர் மைனஸ் முப்பதைத் தாண்டினால் அது முனகக்கூட மறுத்துவிடும். போன வருஷம் தகரத் தட்டில் கரி மூட்டி இன்ஜினுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். இன்ஜின் சூடாகவில்லை, இடது புருவம்தான் பொசுங்கிப்போனது.

"சனிக்கிழமை காலைல பழைய இரும்பு லாரி வருது" என்றாள் மனைவி ஸ்டெஃபா. "அதுக்குள்ள இது ஒழுங்கா கிளம்புச்சுன்னா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா ஏத்திவிட்டுருவேன்."

சொன்னால் செய்கிறவள். அந்த டிராக்டர் மேல் நெஸ்டருக்கு உயிர். ஊரில் அவரைவிடப் பிடிவாதமான ஜீவன் அது ஒன்றுதான்.

இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் திரவத்தைக் கரண்டில் சூடாக்கும் ஹீட்டர் ஒன்றை வாங்கிவந்தார். மூன்று நாள் வேலை. கூலன்ட்டை வடித்தார், பாதியைத் தன் பூட்ஸுக்குள். கீழே ஒரு ஹோஸ், மேலே ஒரு ஹோஸ் என்று மாட்டிக் கிளாம்ப் போட்டு முறுக்கினார். ஒரு கிளாம்ப்பைத் தன் கையுறையோடு சேர்த்தே முறுக்கிவிட்டு, கையை உருவ முடியாமல் கால்மணி நேரம் டிராக்டரோடு கைகுலுக்கிக்கொண்டு நின்றார். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. முற்றத்துக் கம்பத்தில் இரண்டு பிளக் பாயின்ட். ஒன்று இலையுதிர் காலத்திலேயே கருகிவிட்டது. 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று அவர் விட்டு மூன்று மாதம் ஆகிறது. மற்றதில் மாடுகளின் தண்ணீர்த் தொட்டி ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டே நிமிடம், சோதித்துவிட்டு மாட்டிவிடலாம் என்று அதைப் பிடுங்கிவிட்டு டிராக்டர் ஹீட்டரைச் செருகினார். ஹோஸ் மெல்லச் சூடேறியது. அந்தப் பூரிப்பிலேயே வீட்டுக்குள் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

காலையில் மைனஸ் முப்பத்தாறு. சாவியைத் திருப்பியதும் டிராக்டர் கோடைகாலத்தில் கிளம்புவது போலக் கிளம்பியது. நெஸ்டருக்குக் கண் கலங்கியது. குளிர் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். லாரி வரவேண்டாம் என்று ஸ்டெஃபா போனில் சொல்லிவிட்டு வந்தாள்.

அப்போதுதான் கொட்டிலிலிருந்து அலறல் கேட்டது. இருபத்தெட்டு சினை மாடுகள் தொட்டியைச் சுற்றி நின்றன. தொட்டி முழுக்க ஒரே பனிக்கட்டி. நெஸ்டர் கம்பத்துக்கு ஓடி, பிளக்கை மாற்றிச் செருகினார்.

"என்னாச்சு, ஹீட்டர் புட்டுக்கிச்சா?" என்று கேட்டபடி ஸ்டெஃபா பின்னாலேயே வந்தாள்.

"ஆமா. சனியன் பிடிச்ச ஹீட்டர்."

அவள் உள்ளே போய்க் கொதிக்கும் கெட்டிலோடு வந்தாள். ஊற்றினாள், திரும்பிப் போனாள். நெஸ்டர் கடப்பாரையால் பனியைக் குத்தினார். ஐந்தாவது கெட்டிலுக்கு அவளுக்கு மூச்சு வாங்கியது. நெஸ்டருக்கு வெட்கமாக இருந்தது, தாங்க முடியவில்லை.

"ஸ்டெஃபா, ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். ரெண்டு நிமிஷம்னு நெனச்சேன். நான் ஒரு அடிமுட்டாள்."

"தெரியும். நேத்து சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு பாத்துட்டுதான் இருந்தேன்."

"லாரியைத் திரும்ப வரச்சொல்லப் போறியா?"

"டிராக்டர் என்னய்யா பண்ணுச்சு பாவம்? அது கிளம்பிடுச்சுல்ல."

அவருக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அதான் பாத்தியே, அப்பவே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ஸ்டெஃபா காலிக் கெட்டிலைப் பனியில் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாம் எனக்குத் தெரியும், எல்லாம் எனக்குத் தெரியும்னு நாப்பது வருஷமா சொல்லிட்டே இருக்கே. நேத்து ஒரு நாள் நம்பித் தொலைச்சேன்."