அருவிக்கரையில் ஆடி அமாவாசை

1.
அருவிக்கரையில் நின்றவர்கள்: என் தம்பி தம்பிராசா, அவன் மனைவி சிவகௌரி, மகள் வினோஜா, மருமகன் டினேஸ், பஸ்ஸோடு வந்த வழிகாட்டிப் பெண். நான் அங்கே இல்லை. கரவெட்டியில் என் வீட்டில் இருந்தேன். ஆனாலும் இந்தக் கதையை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஊர்ச் சந்தியில் நின்று வம்பளப்பவர்கள் தங்கள் கதையை ஏற்கெனவே முடித்துவிட்டார்கள். அதில் எங்கள் வீட்டுப் பெண் அருவியில் குதிக்கப் போகிறாள்.

2.
முதல் தொடக்கம்: "நோர்வேயில் இருக்கும் மகள் பெற்றோரைக் கப்பலேற்றி ஐஸ்லாந்து பார்க்க அழைத்துப் போனாள்." [பெருமையடிப்பதுபோல் இருக்கிறது. வெட்டிவிட்டேன்.]

இரண்டாவது: "எரிமலை கக்கிய பாறை கண்ணுக்கெட்டியவரை கறுத்துக் கிடந்தது. ஒரு மரம் இல்லை." இது இருக்கட்டும். கப்பல் ஒரு சிறு துறைமுகத்தில் நின்றது. அங்கிருந்து பஸ்ஸில் ஒருநாள் சுற்றுலா. தம்பிராசா காலையில் எதுவும் உண்ணவில்லை. வயிறு சரியில்லை என்றான்.

கறுத்த பாறைகளுக்கு அப்பால் சேறு கொப்புளித்துக் கொதித்தது. கூழ்முட்டை நாற்றம்.

"உதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" சிவகௌரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "எங்கடை கோழிக்கூட்டுக்குள்ளை தலையை விட்டாலே காணும்."

"மாமி, இது பூமிக்கு அடியிலை இருந்து வாறது" என்றான் டினேஸ்.

"கோழியின்ரை மட்டும் வானத்திலை இருந்தோ வருகுது, தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். [குதிக்க நினைத்த பெண் அப்படிச் சிரிப்பாளா என்று நீங்களே... இது வக்கீல் பேச்சு. விட்டுவிடுகிறேன்.]

3.
அன்று ஆடி அமாவாசை. தகப்பனை இழந்த ஆண் அன்று விரதமிருந்து, கீரிமலையில் தீர்த்தமாடி, தெற்குப் பார்த்து முன்னோரின் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்பான்.* வினோஜா கப்பலுக்குப் பதிந்தபோது பஞ்சாங்கம் பார்க்கவில்லை. தம்பிராசா பார்த்திருந்தான். பயணப்பையின் அடியில் எள்ளுச் சரை ஒன்றை, சிறு கடதாசிப் பொட்டலமாக, வைத்துக்கொண்டான்.

அவர்களுக்கு மூத்தவன் லக்ஷன். 2009 வைகாசியில், வன்னியில், சனத்தோடு சனமாக வரும்போது காணாமற்போனவன். சிவகௌரி ஒவ்வோர் ஆண்டும் செல்வச் சந்நிதி முருகன் கோயிலில் அவன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்விப்பாள். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்கு. எள்ளு, இல்லாதவர்களுக்கு. அந்த வீட்டில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

கப்பலுக்குத் தம்பிராசா ஓம் என்றதே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். சந்நிதிக்கு எட்டாத தூரம். [நினைப்பதையெல்லாம் எழுதலாமா?]

* விரதம் முடிக்கும்போது காத்தோட்டிக்காய்க் கறி வேண்டும். கப்பலில் அதற்கு எங்கே போவது?

4.
அருவியைக் கண்டதும் தம்பிராசா அப்படியே நின்றுவிட்டான். கிணற்றில் அள்ளிய தண்ணீரையே தண்ணீர் என்று அறிந்தவன். இங்கே ஓர் ஊருக்கே போதுமான நீர், கேட்பாரில்லாமல் விழுந்து கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, தெற்கு எந்தப் பக்கம்?"

டினேஸ் போனைப் பார்த்துக் கையைக் காட்டினான். "ஏன் மாமா?"

"சும்மா."

தம்பிராசா தனியே நீர் விளிம்புக்கு இறங்கினான். சப்பாத்தைக் கழற்றினான். தகப்பன் பெயர் சொல்லி இறைத்தான். பாட்டன் பெயர் சொல்லி இறைத்தான். குளிரில் விரல்கள் மரத்தன. எங்கள் குடும்பத்தில் மகன்தான் தகப்பனுக்கு இறைப்பான், மறுவளமாக நடந்ததில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இறைக்க வேறு யார் இருக்கிறார்கள்? மீதி எள்ளைக் கையில் கொட்டினான்.

"லக்..."

"இஞ்சாருங்கோ." குளிர்ச்சட்டை கொண்டுவந்த சிவகௌரி பின்னால் நின்றாள். "ஆரின்ரை பேரைச் சொன்னியள்?"

"நீ பஸ்ஸுக்குப் போ. குளிருது."

"நான் அவன்ரை பேரை முருகனுக்குச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன். நீங்கள் அதை ஆருக்குச் சொல்லுறியள்?"

"இத்தனை வருசமாப் பிள்ளைக்குத் தண்ணிவிடாய், தொண்டை காயுது, கௌரி..."

அவள் பாய்ந்தாள். வழிகாட்டிப் பெண் கத்தினாள். மேலே நின்றவர்கள் கண்டது அவ்வளவுதான்.

5.
முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தம்பிராசா பெயரை மனதுக்குள் சொல்லி முடித்தான். இன்னொன்றில் சிவகௌரியே மீதிப் பெயரைச் சொன்னாள். [அவள் சொல்லமாட்டாள்.] நடந்தது, இருவரும் கப்பலுக்கு ஒரே பஸ்ஸில், வேறு வேறு இருக்கைகளில் திரும்பினார்கள். இப்போதும் ஒரே வீட்டில் அப்படித்தான் இருக்கிறார்கள்.

"அண்ணை, நான் செய்தது பிழையோ?" என்று தம்பி என்னிடம் கேட்டான். குடும்பத்துக்கு மூத்தவன் நான். உங்களிடம் பதில் இருந்தால் கதையை அங்கே முடித்துக்கொள்ளுங்கள்.

சந்திக்கு மட்டும் ஒரு திருத்தம். சிவகௌரி அருவியில் குதிக்கப் போகவில்லை. புருஷனின் கையைத் தட்டிவிட்டாள். எள்ளு முழுவதும் பாறையில் கொட்டிற்று. தண்ணீரில் ஒரு மணியும் விழவில்லை.