மூக்கு கவிழும் விமானம்

"இதுவும் ஆடுதுக்கா."

"உன் கைதான் ஆடுது. கையை எடு."

கோஹெய் கையை எடுத்தான். அவன் ஒட்டிச் செய்த வெள்ளைப் பயணிகள் விமான மாதிரி தாங்கியின் உச்சியில் ஒரு கணம் கம்பீரமாக நின்றது. பிறகு பஸ்ஸில் தூங்கி வழிகிறவனைப் போல மெல்ல மூக்கைக் கவிழ்த்தது. தோமோகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஷிசுவோகாவின் மரச்சாமான் பட்டறையில் அவள் செய்யும் நாற்காலிகள் எப்பேர்ப்பட்ட குண்டர் உட்கார்ந்தாலும் முனகாது. தம்பியின் ஒன்றரைச் சாண் பிளாஸ்டிக் விமானத்துக்கோ இது மூன்றாவது தாங்கி. முதல் தாங்கிக்கு அடிப்பலகையை அகலமாக வைத்தாள். அடுத்து அதற்குள் இரும்புத் தகடு பதித்தாள். கடைசியில் மரக்குச்சியை வீசிவிட்டுப் பித்தளைக் கம்பி நட்டாள். இப்போது தாங்கி அசையவே இல்லை. விமானம் மட்டும் கம்பியோடு ஒட்டாமல் குனிந்தது.

விடிந்தால் கோஹெயின் மாதிரி விமானச் சங்கத்தின் கண்காட்சி. மேசையில் வைக்கும்முன் சங்கத் தலைவர் ஒவ்வொரு தாங்கியையும் பிடித்து உலுக்கிப் பார்ப்பார். நிலம் நடுங்கும் ஊரில் அப்படித்தான். போன வருடம் அந்த உலுக்கலில் விழுந்துதான் கோஹெயின் விமானம் இறக்கை முறிந்தது. இந்த முறையும் விழுந்தால் இனி மேசையில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

மரம் சரியாகக் காயவில்லையோ என்று கோஹெய் இழுத்தான். கடையிலேயே ஒரு தாங்கி வாங்கியிருக்கலாம் என்றும் முணுமுணுத்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விமானத்தை எடுத்து, கம்பி நுழையும் வயிற்றுத் துளைக்கு இரு பக்கமும் விரல் கொடுத்துத் தூக்கினாள். மூக்கு சட்டென்று கீழே போனது.

"உள்ள என்னடா வச்சிருக்க?"

"ஈயக் குண்டுதான். மூக்குல அது இல்லேன்னா வால் தரையில குந்திக்கும்ல. எப்பவும் வைக்கிறதுதானே."

"சக்கரத்துல நிக்கிற விமானத்துக்கு வைப்ப. இதுக்குச் சக்கரம் எங்கடா?"

கோஹெய் விமானத்தைத் திருப்பிப் பார்த்தான். பறக்கிற கோலத்துக்காகச் சக்கரக் கதவுகளை அவனே மூடி, ஒட்டி, கோடு தெரியாமல் தேய்த்துச் சாயமடித்திருந்தான். அவன் காது சிவந்தது.

குண்டை எடுக்க மூக்கை உடைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு விரற்கடை முன்னால், எடை சமமாகும் இடத்தில், பளபளக்கும் அந்த வயிற்றில் இன்னொரு துளை போட வேண்டும். தோமோகா துளைக்கருவியில் மெல்லிய அலகை மாட்டினாள். அவன் விமானத்தை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"என் மரத்தை மூணு தடவை அறுத்துப் போட்டேன், ஒரு வார்த்தை சொன்னேனா?" அவள் கையை நீட்டினாள். "அதை இப்படிக் குடு."