வெள்ளைப் புள்ளியில் நின்ற குமிழ்

எட்மண்ட் ஸோபோட்டாவுக்கும் டுவேனுக்கும் பழைய மெஷினா, புது மெஷினா என்ற சண்டை இரண்டு வருடமாக ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. இருவருமே ஓய்வு பெற்றவர்கள். எட்மண்ட் பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். டுவேன் மினசோட்டாவில் காகித ஆலையில் வேலை பார்த்துவிட்டு, மகள் வீட்டோடு இருக்க விஸ்கான்சினுக்கு வந்தவர். சனிக்கிழமை ஆனால் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை, அறுவடை முடிந்த உருளைக்கிழங்கு வயல், இடிந்த பண்ணை வீடு என்று கிளம்பிவிடுவார்கள். கிடைப்பதெல்லாம் பழைய காசு, குதிரை லாடம், பித்தளைப் பொத்தான். அதற்கே அத்தனை வாய்ச்சண்டை.

"இந்தத் தகரப்பெட்டிய இன்னும் தூக்கிட்டு அலையிறியே எட், மியூசியத்துக்குக் குடுத்தேன்னா கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெப்பாங்க. உன்னையும் சேத்து வெப்பாங்க" என்பார் டுவேன்.

"உன் மெஷினுக்கு வாய் ஜாஸ்தி. எட்டு விதமா கத்துது. என்னுது காசு இருந்தா கத்தும், குப்பை இருந்தா சும்மா இருக்கும். பொய் சொல்லத் தெரியாது அதுக்கு."

எட்மண்டின் மெஷின் 1987இல் வாங்கியது. திரை கிடையாது, எண் கிடையாது. இரண்டே குமிழ்கள். ஒன்று சத்தத்துக்கு. இன்னொன்று குப்பையை ஒதுக்க. அதை எவ்வளவு மேலே திருப்புகிறோமோ அவ்வளவு குப்பைக்கு மெஷின் காது கொடுக்காது. அந்த இரண்டாவது குமிழ் நிற்க வேண்டிய இடத்தில் எட்மண்ட் வாங்கிய வருடமே வெள்ளை பெயின்டால் ஒரு புள்ளி வைத்திருந்தார். முப்பத்திரண்டு வருடமாக அது அந்தப் புள்ளியைவிட்டு நகரவில்லை.

அந்த செப்டம்பரில், பங்குக் கோயிலின் பின்னால் இருந்த பிக்னிக் மைதானத்தை வாகன நிறுத்தம் ஆக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. தார் போடுவதற்குள் தோண்டிக்கொள்ளலாம் என்று பங்குத்தந்தையும் சொல்லிவிட்டார். டுவேனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அங்க ஒண்ணும் கிடையாது" என்றார் எட்மண்ட். "எண்பத்தேழுல மூணு நாள் அரிச்சுப் பாத்திருக்கேன்."

"அப்ப அதான் சரியான இடம். உன் தகரப்பெட்டி காலின்னு சொன்ன இடத்துல என்னுது என்ன சொல்லுதுன்னு பாப்போம். தோத்தவன் வெள்ளிக்கிழமை கோயில் கூடத்துல மீன் சாப்பாடு வாங்கித் தரணும்."

எட்மண்டுக்கு அங்கே போக மனமில்லை. ஏன் என்று டுவேனிடம் சொல்லவும் மனமில்லை. மாட்டேன் என்றால் பயந்துவிட்டதாகக் கேலி செய்வானே என்று கிளம்பிவிட்டார்.

மைதானத்தில் டுவேன் புதிதாக ஒரு யோசனை சொன்னார். மெஷினை மாற்றிக்கொள்ள வேண்டும். "நீ என்னுத எடு, நான் உன்னுத எடுக்கறேன். அப்பதான் நியாயமான போட்டி."

புது மெஷின் இறகு போல லேசாக இருந்தது. அதன் நுனியில் இருந்த வட்டத் தட்டைப் புல் மேல் வீசினால் காதில் சின்னச் சின்னச் சத்தங்கள், திரையில் உலோகத்துக்கு உலோகம் மாறும் எண்கள். இருபத்தெட்டு என்று காட்டியது. தோண்டினால் ஒரு சென்ட். அடுத்து பதின்மூன்று, பதினான்கு, மறுபடி பதின்மூன்று.

"பதிமூணு பதினாலெல்லாம் என்னப்பா?"

"ஜிகினாத்தாள், பழைய பீர் டின்னைத் திறக்கற வளையம், அந்த மாதிரி. ஆனா விட்டுறாத. சின்ன மோதிரமும் அந்த நம்பர்லதான் நிக்கும். டின் வளையம் வேணாம்னு ஒதுக்கினா தங்கத்தையும் சேத்துதான் ஒதுக்கணும்." டுவேன் சிரித்தார். "இது தெரியாமயா முப்பது வருஷம் ஓட்டின?"

தெரியாமல் இல்லை. மெஷினோடு வந்த சின்னப் புத்தகத்தில் அது இருந்தது. எட்மண்ட் அதை வாங்கிய வாரமே படித்தார்.

ஒன்பது டின் வளையங்களைத் தோண்டி எடுத்தார். பத்தாவது சத்தம் பழைய பந்தலுக்கும் ஓக் மரத்துக்கும் நடுவில், அந்தக் காலத்தில் எல்லோரும் போல்கா நடனம் ஆடும் புல்தரையில் வந்தது. நான்கு அங்குல ஆழத்தில், ஒரு மண் கட்டிக்குள், மெல்லிய மோதிரம் ஒன்று. கட்டை விரலால் மண்ணைத் தள்ளினார். கடுகை விடக் கொஞ்சம் பெரிய சிவப்புக் கல்.

எட்மண்ட் அப்படியே முழங்காலில் இருந்தார்.

"என்ன கிடைச்சுது?" என்று தூரத்திலிருந்து டுவேன் கத்தினார்.

"டின் வளையம்" என்றார் எட்மண்ட். மோதிரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அது அவர் அம்மா ஸ்டெல்லாவின் மோதிரம். 1987 ஜூலை, பங்கு பிக்னிக். உருளைக்கிழங்கு அடை சுடுவதற்காக மாவில் கை வைக்கும் முன் அம்மா மோதிரத்தைக் கழற்றி, பக்கத்தில் நின்ற சின்ன மருமகள் டெல்ஃபினிடம், "இதைக் கொஞ்சம் வெச்சிரு" என்று கொடுத்தாள். எட்மண்டின் தம்பி ரேமண்டைக் கட்டிக்கொண்டு டெல்ஃபின் அந்தக் குடும்பத்துக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஏழைகள் தங்கும் டிரெய்லர் வீடுகளில் வளர்ந்தவள், அப்பா சிறைக்குப் போய் வந்தவர். அம்மாவுக்கு அந்தக் கல்யாணத்தில் ஆரம்பத்திலிருந்தே விருப்பமில்லை. டெல்ஃபின் மோதிரத்தைக் கவுன் பையில் போட்டுக்கொண்டு ரேமண்டோடு ஆடப் போனாள். திரும்பி வந்தபோது பை காலியாக இருந்தது.

"ஆடும்போது விழுந்திருச்சு, புல்லுலதான் எங்கேயோ இருக்கு" என்று அழுதாள்.

எட்மண்ட் அந்த வசந்தத்தில்தான் மெஷின் வாங்கியிருந்தார். ஊரே அதை வேடிக்கை பார்த்த காலம். மூன்று நாள் அந்தப் புல்தரையை அங்குலம் அங்குலமாகத் தேடினார். முதல் நாள் முழுக்க டின் வளையமும் சிகரெட் ஜிகினாத்தாளும்தான் வந்தன. வெயில், கையெல்லாம் கொப்புளம், வேடிக்கை பார்த்தவர்களின் சிரிப்பு. இரண்டாம் நாள் காலையில் குப்பைக் குமிழை மேலே திருப்பினார். சத்தம் நின்றது, நிம்மதியாக இருந்தது. குமிழ் நின்ற அந்த இடத்தில்தான் வெள்ளைப் புள்ளியை வைத்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மாவின் சமையலறையில், எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"மண்ணுல இல்லம்மா. இருந்தா என் மெஷின் சொல்லியிருக்கும்."

"மண்ணுல இல்லேன்னா யாரோட பர்ஸுலயோ இருக்கு" என்றாள் அம்மா. டெல்ஃபினைப் பார்த்துத்தான் சொன்னாள்.

வாரத்துக்குள் அந்தப் பேச்சு பங்கு முழுக்கப் பரவிவிட்டது. கோயிலில் டெல்ஃபின் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. காணிக்கைத் தட்டு அவளிடம் வரும்போது மட்டும் தட்டு ஏந்துபவர் அதை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். ஒரு நாள் ரேமண்ட் பேருந்து ஷெட்டுக்கு வந்து, "நிச்சயமா இல்லையா எட்? நிச்சயமா?" என்று கேட்டான். "நிச்சயமா" என்றார் எட்மண்ட். ஒன்றரை வருடத்தில் அவர்கள் பிரிந்துவிட்டார்கள். ரேமண்ட் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடித்தான். நான்கு வருடம் முன்பு ஈரல் கெட்டுச் செத்துப்போனான். அம்மா அதற்கு வெகு முன்பே போய்விட்டாள்.

மறுநாள் காலை எட்மண்ட் தனியாக மைதானத்துக்குப் போனார். பழைய மெஷினையும் மோதிரத்தையும் எடுத்துக்கொண்டார். மெஷின்தான் குற்றவாளி என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. அந்தக் காலத்து மெஷின், அதற்கு அவ்வளவுதான் சக்தி, மனிதன் என்ன செய்ய முடியும்? அப்படி ஒரு பதில் வேண்டும்.

அதே குழியில், அதே ஆழத்தில் மோதிரத்தை வைத்து மண்ணை மூடினார். குமிழ் வெள்ளைப் புள்ளியில். தட்டை வீசினார். சத்தமில்லை. மறுபடி வீசினார். இல்லை.

பிறகு குமிழைக் கீழே, கடைசி வரை திருப்பினார். பெயின்ட் பிடித்து இறுகிப்போயிருந்தது, கொஞ்சம் பலமாகத் திருக வேண்டியிருந்தது. தட்டை வீசினார்.

மெஷின் கத்தியது. சுத்தமாக, சந்தேகமில்லாமல், நான்கு அங்குல மண்ணைத் தாண்டி.

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. மோதிரத்தைத் தோண்டி எடுத்து, வெறும் புல் மேல், கண்ணுக்குத் தெரிய வைத்தார். குமிழை மறுபடி வெள்ளைப் புள்ளிக்குக் கொண்டுவந்து தட்டைச் சரியாக அதன் மேலேயே ஆட்டினார். மோதிரம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. மெஷின் வாயே திறக்கவில்லை.

டெல்ஃபின் பக்கத்து ஊரில், முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை பார்த்தாள். அன்று மதியம் எட்மண்ட் போனபோது பின்வாசல் படியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தொன்பது வயது, கையெல்லாம் சோப்பில் வெளுத்திருந்தது. ரேமண்டின் அடக்கத்தில் கடைசி வரிசையில் பார்த்தது, பேசவில்லை.

"யார் செத்தா?" என்றாள் அவரைப் பார்த்ததும்.

"யாரும் இல்ல." உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

அவள் குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

"எங்க இருந்துச்சு?"

"புல்லுல. நீ சொன்ன இடத்துலதான்."

"நான் சொன்ன இடத்துல." சிகரெட் சாம்பலைத் தட்டினாள். "புது மெஷின் வாங்கினீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். அவள் அந்தக் கேள்வியைக் கேட்டது அவர் தப்பித்துக்கொள்வதற்குத்தானோ என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"புதுசுலதான் கிடைச்சுது. ஆனா பழசும் கண்டுபிடிச்சிருக்கும் டெல்ஃபின். இன்னைக்குக் காலைல வெச்சுப் பாத்தேன். நான்தான் அதோட காதை அடைச்சு வெச்சிருந்தேன். குப்பை தோண்டித் தோண்டிச் சலிச்சுப் போச்சு, குமிழைத் திருப்பிட்டேன்."

"திருப்பினா தங்கமும் போகும்னு தெரியுமா அப்ப?"

"...படிச்சிருந்தேன்."

"மூணாவது நாள் உங்க அம்மா கேக்கும்போது அது ஞாபகம் வந்துச்சா வரலையா?"

உள்ளே துணி உலர்த்தும் இயந்திரம் ஓடி நின்றது. எட்மண்ட் படியைப் பார்த்துக்கொண்டு, "வந்துச்சு" என்றார். "வந்துச்சு. ஆனா நீதான் எடுத்திருப்பேன்னு நானும் நெனச்சிட்டேன். அப்புறம் எதுக்கு மறுபடி வெயில்ல தோண்டணும்னு..."

டெல்ஃபின் எழுந்து ஏப்ரனைத் தட்டிக்கொண்டாள். அழவில்லை, கத்தவுமில்லை.

"ரேமண்ட் ராத்திரி ராத்திரி கேப்பான். எடுத்திருந்தா சொல்லு, நான் கோவப்பட மாட்டேன்னு. எடுத்தேன்னு சொல்லிரலாமான்னு கூட நெனச்சேன், அவன் தூங்கட்டும்னு." சிகரெட்டைச் செருப்பால் நசுக்கினாள். "இதை எனக்குத் தராதீங்க. என்னைத் திருடின்னு எங்க சொன்னாங்களோ அங்க போய்ச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை, மீன் சாப்பாட்டுல. நான் வந்து கேக்கறேன்."

வெள்ளிக்கிழமை கோயில் கூடத்தில் வழக்கமான கூட்டம். பொரித்த மீன், கறுப்பு ரொட்டி, முட்டைக்கோஸ், பீர். டெல்ஃபின் கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரம் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடத்தில் அவள் அந்தக் கூடத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. பாதிப் பேருக்கு அவள் யாரென்றே தெரியவில்லை. எட்மண்ட் பரிசுக் குலுக்கல் எண்களைப் படிக்கிற மைக்கை வாங்கினார்.

"எங்கம்மா ஸ்டெல்லாவோட மோதிரம் எண்பத்தேழு பிக்னிக்ல காணாமப் போச்சு. உங்கள்ல சிலருக்கு ஞாபகம் இருக்கும். டெல்ஃபின் எடுத்துட்டதா சொன்னோம். நான்தான் அப்படிச் சொல்ல வெச்சேன். அவ எடுக்கல. மோதிரம் புல்லுலயே இருந்துச்சு. போன சனிக்கிழமை தோண்டி எடுத்தேன். இதோ."

மோதிரத்தை உயர்த்திக் காட்டினார். பிறகு யாரோ கை தட்டினார்கள். கூடமே தட்டியது. பின்னாலிருந்து ஒருவர் விசிலடித்தார்.

"முப்பது வருஷம் கழிச்சா! அடேயப்பா!"

"என்ன மெஷின் எட்? விலை என்ன?"

"நான் அப்பவே சொன்னேன், அது எங்கயும் போயிருக்காதுன்னு" என்றாள் ஐரீன் க்ளுக். அன்று தேவாலயப் பெஞ்சில் டெல்ஃபின் பக்கத்திலிருந்து முதலில் எழுந்துபோனவள் அவள்தான். இப்போது எண்பத்திரண்டு வயது, அதை உண்மையாகவே மறந்திருந்தாள்.

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..." என்று எட்மண்ட் மறுபடி ஆரம்பித்தார். "டெல்ஃபின் மேல தப்பில்ல. தப்பு என்னுது. என்னோடது..."

"விடுப்பா, கிடைச்சிருச்சுல்ல!" என்று யாரோ அவர் தோளில் தட்டினார்கள். மைக் கை மாறியது. குலுக்கல் எண்ணைப் படிக்கத் தொடங்கினார்கள். டுவேன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அன்னைக்கு டின் வளையம்னு சொன்னியே, திருட்டுப்பயலே, அதுதானா? எந்த நம்பர் காட்டுச்சு?" என்று காதோரம் கேட்டார்.

எட்மண்ட் கதவைப் பார்த்தார். டெல்ஃபினின் நாற்காலி காலியாக இருந்தது.

வெளியே ஓடினார். அவள் காரில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன் டெல்ஃபின். எல்லார் முன்னாலயும் சொன்னேன்."

"கேட்டேன்."

"அவங்களுக்குப் புரியல. அடுத்த வாரமும் சொல்றேன். கோயில் நோட்டீஸ்ல போடச் சொல்றேன்."

"வேண்டாம். சொல்ல வேண்டியவங்கள்லாம் செத்துட்டாங்க எட். மிச்சம் இருக்கறவங்களுக்கு இது நல்ல கதை." கதவைச் சாத்தினாள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். "ரேமண்ட் கல்லறைக்குப் போவீங்களா?"

"போவேன்."

"போகாதீங்க" என்றாள். கார் கிளம்பிப் போனது.

அவர் உள்ளே திரும்பி வந்தார். அவருடைய கோட் உள்ளேதான் இருந்தது, மோதிரமும் அங்கேதான். மேசையில் விட்டுவிட்டு ஓடியதை ஐரீன் எடுத்துப் பார்த்திருந்தாள். அது இப்போது கை மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தி சுண்டு விரலில் போட்டுப் பார்த்தாள். இன்னொருத்தி செல்போனில் படம் எடுத்தாள். அது எல்லா மேசையையும் சுற்றித் தன்னிடம் வந்து சேரும்வரை எட்மண்ட் ஆறிப்போன மீனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.