ஊசிப்புல் மூட்டையில் ஒரு சாவி

மதிலுக்கு அந்தப் பக்கம் புல்வெட்டும் வண்டி உறுமியதும் ஊசி நிமிர்ந்தாள். அவளுடைய நாக்குக்காக, விதை சேகரிக்கும் குழு வைத்த பெயர் அது. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

"வர்றான் பாரு உன் கொழுந்தன், ராஜா மாதிரி உக்காந்துக்கிட்டு," என்றாள் கூட வேலை செய்யும் குண்டக்கா.

குடிநீர்த் தொட்டி வளாகத்தில், தொட்டிக்குப் பின்னால் கிடந்த அந்த நிலத்தில்தான் ஊசிப்புல் மிச்சம் இருந்தது. வெயில் படும் மேட்டில் முன்னதாகவே முற்றியதை அன்று காலை பனி ஈரத்தோடு ஒரு மூட்டை உருவியாயிற்று. மதில் நிழலில் நின்ற பெரும்பங்கு இன்னும் பச்சை. போன வருஷம் இதே வண்டிக்குப் பயந்து பச்சையாகவே உருவிக்கொண்டு போய் மொட்டைக் குன்றைப் புல்லால் மூட அங்கே தூவினார்கள். ஒன்றுகூட முளைக்கவில்லை. இந்த வருஷமும் முளைக்காவிட்டால் அதிகாரிகள் குன்றைக் கல்லுடைக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

வண்டி உள்ளே நுழைந்ததும் ஊசி அதற்கு முன்னால் போய் நின்றாள். கொழுந்தன் இயந்திரத்தை அணைத்தான்.

"தள்ளுங்க அண்ணி. மேலேருந்து உத்தரவு."

"மேலேன்னா? வானத்துலேருந்தா?"

"மேற்பார்வையாளர் பின்னாடியே வர்றாரு. என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுறாதீங்க."

"காலையில என் கையால தின்னுட்டுத்தானே வந்த?"

"அந்தப் பாவத்துக்குத்தான் நிறுத்தியிருக்கேன்."

மேற்பார்வையாளர் பளபளக்கும் காலணியைப் பார்த்துப் பார்த்து வைத்து வந்து சேர்ந்தார். "பாம்பு வருதுன்னு புகார். இன்னைக்கே இது தரையோட தரையா ஆகணும்."

"முத்தட்டும் சார். முத்தினதும் எடுத்துக்கிட்டு நாங்களே ஒதுங்கிடுறோம்."

"புல்லுக்கெல்லாம் நாள் பாத்துக்கிட்டிருக்க முடியுமா? வேணும்னா இப்பவே பறிச்சுக்கோ."

"பச்சையா பறிச்ச லட்சணத்தைப் போன வருஷமே பாத்தாச்சு. மாட்டேன்."

"எடுய்யா வண்டிய!"

கொழுந்தனின் கை சாவிக்குப் போவதற்குள் ஊசியின் கை போய்விட்டது. சாவியை உருவிக்கொண்டு திரும்பினாள். எங்கே வைப்பது? மதிலுக்கு அப்பால் வீசினால் ஓடிப்போய் எடுத்து வருவார்கள். காலடியில் விதை மூட்டை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. முழங்கைவரை உள்ளே விட்டுச் சாவியைச் செருகினாள். பிறகு மூட்டையைத் தூக்கி ஆசை தீரக் குலுக்கினாள்.

"என்ன பண்ணின?"

"உங்க கண்ணு முன்னாடிதானே பண்ணினேன். எடுத்துக்கோங்க."

அவர் கையை விட்டார். ஊசிப்புல் விதைக்கு ஒரு முனையில் ஊசி, மறுமுனையில் முறுக்கிய நீள வால். ஆயிரக்கணக்கில் சேர்ந்து பின்னிக்கொண்டால் மூட்டையே ஒரு முள்பந்து. "ஐயோ!" என்று கையை வெளியே இழுத்தார். சட்டைக் கை முள்ளம்பன்றியாகியிருந்தது. ஊசியின் கையிலும் கோடு கோடாக ரத்தம். அந்தக் கையை அவள் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கொட்டு அதை!"

"கொட்டினாலும் உதிராது சார். காயவச்சு, அடிச்சு, சலிச்சாத்தான் பிரியும். அதுவரைக்கும் சாவி பத்திரமா இருக்கும். இல்ல, பிச்சுத்தான் எடுப்பேன்னா இன்னொரு தடவை கைய விடுங்க."

"உன் வேலை போயிடும், தெரியுமா?"

"தெரியும். என் பேரைச் சொல்லுங்க. என் பேரை மட்டும்."

"அதெப்படி?" என்றாள் குண்டக்கா. "மூட்டையக் குலுக்கினது நானாச்சே." உண்மையில் அவள் நின்ற இடத்தைவிட்டு அசைந்திருக்கவே இல்லை.

மேற்பார்வையாளர் விதைகளைப் பிடுங்கியபடியே கொழுந்தன் பக்கம் திரும்பினார். "இன்னொரு சாவி எங்கே?"

அவன் அண்ணியைப் பார்த்தான். அந்தச் சாவி அவளுடைய அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் டக்கென்று இடிக்கும்.

"அது எப்பவோ தொலைஞ்சு போச்சு சார்."

அன்று மாலை ஊசி மூட்டையை வீட்டுக் கூடத்தில் பரப்பினாள். அதைத் தாண்டித் தாண்டி நடந்த கொழுந்தன் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "நல்லா வாய்ச்சீங்க எனக்கு!"

"புகார் இருந்தா உங்கண்ணன்கிட்ட சொல்லு."

"அவரு மூணு முள்ளோட உக்காந்திருக்காரு. முதல்ல அவரைப் பாருங்க."

சில நாள் கழித்து, மதில் நிழலில் ஒரு கதிரை உள்ளங்கைக்கு மேல் சாய்த்துக் கட்டைவிரலால் தடவினாள். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. விதைகள் தாமாகக் கையில் விழுந்தன. "வாங்கடி!" என்று அவள் போட்ட கூச்சலில் குழு மொத்தமும் ஓடிவந்தது. நிலத்துக்கென்று ஒரு பங்கை அப்படியே விட்டுவிட்டு மீதியை உருவி மூட்டைகளைக் கட்டி ஏற்றியபோது, மேற்பார்வையாளர் ஒரு மெக்கானிக்கோடு வந்து சேர்ந்தார்.

"இனிமே நீ இந்த வளாகத்துக்குள்ள காலே வைக்கக் கூடாது."

"வச்சு, வேலையும் முடிச்சாச்சே சார்." இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். அதன் கயிற்றைச் சுற்றிலும் விதைகள் அப்பிக்கிடந்தன. "இந்தாங்க. இப்ப தாராளமா வெட்டுங்க."

அவர் கையை நீட்டினார். கயிற்றைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டார்.

"கீழே வை."

"கையில வாங்குங்க சார்," என்று நீட்டியபடியே நின்றாள் ஊசி.