மேடையேறின மிட்டாய் மாலை

மீன் மார்க்கெட்டுல வேலை முடிச்சு, நுகுஅலோஃபா டவுன் பஸ் பிடிச்சு தபித்தா ஓடி வர்றதுக்குள்ள பள்ளிக்கூடத்துப் பரிசு விழா பாதி முடிஞ்சிருந்துச்சு. கையில, மகள் லூபேவுக்காக ரெண்டு நாளா உக்காந்து கட்டின மிட்டாய் மாலை. பரிசுக்குப் பேரு வாசிச்சா பெத்தவங்க மேடைக்குப் போய் மிட்டாய் மாலை போடணும், அது அந்த ஊர் வழக்கம். லூபே ரிப்போர்ட் கார்டையே இன்னும் காட்டல. "விழாவுல தெரியும்மா"ன்னு மட்டும் சொல்லியிருந்தா.

தலைமையாசிரியர் "லூபே"ன்னு வாசிச்சார். லூபே மேடையில போய் நின்னா. தபித்தா கூவிக்கிட்டே, ஆடிக்கிட்டே மேடையேறி மகள் கழுத்துல மாலையைப் போட்டா. கை தட்ட ஒரு ஆள் இல்ல.

"அம்மா, கீழ போம்மா." லூபே தலையே நிமிரல.

"ஏண்டி, வெக்கமா? முதல் ரேங்கா, ரெண்டாவதா?"

முன்வரிசையில இருந்த பக்கத்து வீட்டு சேலா எழுந்து வந்து கையைப் பிடிச்சா. "அக்கா, பரிசெல்லாம் குடுத்து முடிச்சாச்சு. இது ஃபெயிலாகி அதே கிளாஸ்ல இருக்கப்போற பிள்ளைங்க பேரு."

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிட்டு அடுத்த பேரை வாசிச்சார்.

வீட்டுக்கு நடக்கும்போது லூபே மாலையைக் கழட்டி நீட்டினா. "அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைம்மா."

தபித்தா வாங்கிக்கிட்டா. வெயில்ல மிட்டாய் இளகி விரல்ல ஒட்டுச்சு. திட்டணும்னு வாயைத் திறந்தவ, ஒரு மிட்டாயைப் பிச்சு மகள் கையில வச்சா.