சர்மிளாவின் கைகள்

“மாமா, அந்தப் படத்தத் திருப்பித் தாங்க.”

சாவு வீட்டுக்குக் கொடுத்த எதையும் திரும்பக் கேட்கவே கூடாது என்று கொட்டகலையில் பஸ் ஏறும்வரை அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். நிலக்ஷி வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டாள்.

சர்மிளாவின் அப்பா வீரய்யா பலகையிலிருந்து எழவில்லை.

“கருமாதிக்கு நீயாத்தானம்மா கொண்டாந்து குடுத்த?”

“ஆமா. இப்ப கொழும்புல மலையகத்து ஆளுங்க வரஞ்ச படங்கள கண்காட்சியா வைக்கிறாங்க. சர்மிளா பேருல ஒரு சுவரு ஒதுக்கியிருக்காங்க.”

“அவ சுவத்துல நீ வரஞ்ச படம் எதுக்கு?”

“மூஞ்சிதான் மாமா நான் வரஞ்சது. கை ரெண்டும் அவ வரஞ்சது.”

யாழ்ப்பாணத்தில் நுண்கலை படித்த நான்கு வருடமும் நிலக்ஷிக்கும் சர்மிளாவுக்கும் அதுதான் வழக்கம். ஒருத்தி மற்றவளை வரைந்தால், கைகளை மட்டும் விட்டுவிட வேண்டும். உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து தன் கையைத் தானே வரைவாள். “நீ வரஞ்சா என் கை சோத்துக்கு மட்டும் நீளுற கை மாதிரி இருக்கும்டி” என்பாள் சர்மிளா. தேயிலைக் கொழுந்து கிள்ளித் தடித்த விரல்களை, நகக்கண்ணில் ஏறிய கறையோடு அவள் ஒளிக்காமல் வரைந்திருந்தாள்.

நவம்பர் மழையில் மண்மேடு சரிந்து, தோட்டத்து லய வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவை மூடியபோது, அவளும் அவள் வரைந்த அத்தனை படங்களும் உள்ளே இருந்தன. நிலக்ஷியின் வீட்டிலிருந்த இந்த ஒன்றுதான் தப்பியது. போட்டோ ஒன்றுகூட இல்லையே என்று சர்மிளாவின் தாய் அழுததால்தான் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

இப்போது அது, வீடு இழந்தவர்களுக்குக் கொடுத்த தகரக் கொட்டகையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் மாலைக்குள் தொங்கியது. வீரய்யா “எடுத்துக்க” என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நிலக்ஷி உள்ளே போய் மாலையை விலக்கினாள். படம் நெஞ்சோடு முடிந்திருந்தது.

“கை எங்க மாமா?”

“கடையில சாமி பட அளவுக்குத்தான் பிரேம் இருந்துச்சு. மாலை போடுற படத்துக்கு மூஞ்சி போதும்ல. வெட்டச் சொன்னேன்.” அவர் தகரச் சுவரின் மூலையைக் காட்டினார். “வெட்டுன மிச்சம் நல்ல கெட்டித் துணி. தூக்கிப் போட மனசு வரல. சாரல் அடிக்குதுன்னு அங்க சொருகியிருக்கேன்.”

இடுக்கிலிருந்து அவள் அதை உருவினாள். நாலாய் மடித்த கான்வாஸ் நனைந்து விறைத்திருந்தது. பிரித்ததும் வண்ணம் செதில் செதிலாகத் தரையில் உதிர்ந்தது. ஒரு கட்டைவிரல் மட்டும் பாதி மிச்சம்.

வீரய்யா இப்போதுதான் எழுந்து வந்தார். செதில்களைப் பார்த்தார்.

“அவ வரஞ்ச கைன்னு எனக்குத் தெரியாதும்மா. யாரும் சொல்லல.” குரல் இறங்கியது. “நீ படிச்ச புள்ளதான. திரும்ப வரஞ்சிருவ. ஒனக்கு என்ன, ஒரு மணி நேர வேல.”

“முடியாது மாமா.”

“கைதானம்மா?”

வெளியே மறுபடி தூறல் பிடித்தது. இடுக்கு வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. நிலக்ஷி துணியைப் பழையபடி மடித்து அதே இடுக்கில் திணித்தாள். மாலையைச் சரியாக இழுத்துவிட்டாள்.

கொழும்புக்காரர்களிடம் என்ன சொல்வதென்று முடிவாகியிருந்தது. சர்மிளாவின் பேரை மட்டும் எழுதட்டும். சுவர் வெறுமையாகக் கிடக்கட்டும். ஏன் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

குடையை விரிக்காமலே பாதையில் இறங்கினாள்.